உதைக்குப் பதிலாய் எழுந்த இசை

வியன்னா நகரம். 1781ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள். பெரியதொரு மாளிகையிலே பகலுணவு வேளை. எசமானருக்குத் தனி உணவு, தனி மேசை. ஏவலாளர்களுக்கு வேறு மேசை. அந்த ஏவலாளர் மேசையிலும் வரிசை உண்டு, முறை உண்டு! தலைமை இடத்திலே, எசமானருக்கு உடை மாட்டிவிடும் பணியாளர் இருவர். கீழ்க்கோடியிலே சமையற்காரர்கள். சமையற்காரர்களுக்குச் சற்று மேலே, உடை மாட்டுவோருக்குச் சற்றுக் கீழே, இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். பேசாமல் உண்கிறான். எழுந்து போகிறான். ஊரிலிருக்கும் தந்தைக்கு இந்த வரிசையைப் பற்றிக் கேலியாகக் கடிதம் எழுதுகிறான். கேலிக்கு உள்ளே நெருப்பு இருக்கிறது.

அந்த இளைஞன்தான் மோசார்ட். ஐந்து வயதிலே இசை இயற்றியவன். ஆறு வயதிலே ஆஸ்திரியப் பேரரசியின் முன்னே வாசித்துக் காட்டியவன். இன்றைக்கும் உலகத்தின் இசை அரங்குகளிலே பெயர் ஒலிக்கும் மேதை.

சமையற்காரரோடு உண்பது இழிவா என்று தோழர்கள் கேட்கலாம். இல்லவே இல்லை! சமைக்கும் கை உயர்ந்த கை. நம் பேச்சு அதுவல்ல. எவன் எங்கே உட்கார வேண்டும் என்று பிறப்பும் பதவியும் கோடு கிழித்து வைத்திருந்தனவே, அந்தக் கோட்டைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அந்தக் கோட்டை அழிக்க ஒரு கலைஞன் தன் வாழ்விலே என்ன செய்தான், தன் கலையிலே என்ன செய்தான் என்பதையே இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

சால்ஸ்பர்க் நகரிலே 1756 சனவரி 27ஆம் நாள் பிறந்தவர் மோசார்ட். தந்தை லியோபோல்டு, அவ்வூர் அரண்மனையிலே வயலின் வாசித்த சம்பளக்காரர். ஏழு பிள்ளைகள் பிறந்து, பிழைத்தவர் இருவர். அக்காளும் தம்பியும். இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாரிசு, இலண்டன் என்று ஊர் ஊராகத் தந்தை அழைத்துச் சென்றார். பிஞ்சு விரல்கள் விசைப்பலகையிலே விளையாடக் கண்டு அரசர்கள் வியந்தனர், அரசிகள் கொஞ்சினர். கொடுத்ததென்ன? மூக்குப்பொடி டப்பி! கைக்கடக்கமான கடிகாரம்! பின்னாளில், 1777இல், வேலை தேடி மோசார்ட் மீண்டும் பயணம் போனபோதும் இதே கதைதான். வழிச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்த நேரத்தில், ஒரு கோமான் பொற்கடிகாரம் கொடுத்தார். அதையும் சேர்த்து அவரிடம் கடிகாரங்கள் ஐந்து ஆயின! கால்சட்டையின் இருபுறமும் கடிகாரப் பை வைத்து, அடுத்த கோமானைப் பார்க்கப் போகும்போது இரண்டு கடிகாரங்களைக் காட்டிக்கொண்டு போகலாமா என்று எண்ணுவதாக அவர் தந்தைக்கு எழுதினார். புகழ் மழை பெய்தது. அடுப்பிலே உலை கொதிக்கவில்லை.

சால்ஸ்பர்க்கிலே மதத் தலைவரும் மன்னரும் ஒருவரே. பேராயர் என்று பெயர், ஆட்சி அவர் கையில். 1772இல் அந்தப் பீடத்தில் ஏறியவர் கொலொரேடோ. அவரைக் கொடுங்கோலர் என்று நாம் சொல்லமாட்டோம். சீர்திருத்தம் பேசியவர், படித்தவர். ஆனால் இசைக்கலைஞன் அவர் கண்ணுக்குச் சீருடை அணிந்த வேலையாள். ஆண்டுக்கு 150 குல்டன் நாணயம் சம்பளம். விடுப்புக் கேட்டால் முகச்சுளிப்பு. 1777இல் வேலையை விட்டுத் தாயோடு வெளியூர் புறப்பட்டார் மோசார்ட். மறு ஆண்டு சூலையில் பாரிசிலே தாய் மாண்டார். வேலையும் கிடைக்கவில்லை. தாயை அயலூரிலே புதைத்துவிட்டு, 1779இல் பழைய எசமானரிடமே திரும்பினார். இம்முறை ஆர்கன் வாசிப்பவர் என்ற பதவி. சம்பளம் 450 குல்டன்.

வியன்னாவுக்கு வந்த பேராயர், தம் பரிவாரத்தில் ஒருவராக மோசார்ட்டையும் வரவழைத்தார். அப்போது நடந்ததுதான் நாம் தொடக்கத்தில் கண்ட உணவு மேசைக் காட்சி. ஒரு மாலை, சீமாட்டி ஒருவர் வீட்டிலே இசை விருந்து. பேரரசர் சோசப்பே அங்கு வந்திருந்தார். வாசித்தவர்களுக்கு ஆளுக்கு ஐம்பது பொற்காசு! மோசார்ட்டுக்கு அழைப்பு இருந்தும் போக முடியவில்லை. அன்றைக்கு எசமானர் வீட்டிலே கச்சேரி. சால்ஸ்பர்க்கிலே பாதி ஆண்டு உழைத்தால் வரும் கூலி, ஒரே மாலையில் கைநழுவிப் போயிற்று.

மே 9ஆம் நாள், வசைமாரி பொழிந்தார் பேராயர். வேலை வேண்டாம் என்றார் மோசார்ட். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. சூன் 8ஆம் நாள் மீண்டும் விண்ணப்பத்தோடு போனவரை, அரண்மனை அதிகாரி ஆர்க்கோ பிரபு என்பவர், பின்புறத்தில் உதைத்து வாசலுக்கு வெளியே தள்ளினார்.

ஆம், தோழர்களே, உதைத்தார்! உலகம் போற்றப்போகும் அந்த மேதையை, பட்டம் ஒன்றைத் தவிர வேறு பெருமை இல்லாத ஒரு பிரபு காலால் உதைத்தார். அந்த உதை இல்லாவிட்டால் ஆர்க்கோவின் பெயரை இன்று யார் சொல்லப்போகிறார்கள்? மோசார்ட் கொதித்தார். மனிதனுக்கு மதிப்புத் தருவது பட்டமல்ல, உள்ளமே என்ற கருத்தைத் தந்தைக்கு எழுதினார். பணிந்து போ, மன்னிப்புக் கேள் என்றார் தந்தை. அவருக்கு மகனுடைய மானத்தைவிட மாதச் சம்பளம் பெரிதாகத் தெரிந்தது. மகன் பணியவில்லை. மாதச் சம்பளம் இல்லாமல், பாடம் சொல்லிக்கொடுத்தும், கச்சேரி நடத்தியும், இசை எழுதி விற்றும் வாழலாம் என்று வியன்னாவிலேயே தங்கினார். சுயமரியாதைக்குக் கொடுத்த விலை அது.

உதைக்கு எதிர் உதை கொடுக்க அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. ஆனால் ஐந்தே ஆண்டில் வேறொன்று கிட்டியது. அதைச் சொல்ல, நாம் கொஞ்சம் பாரிசுக்குப் போய் வர வேண்டும்.

பாரிசிலே கடிகாரம் செய்யும் தொழிலாளி ஒருவர் மகன், போமார்ஷே. 1732இல் பிறந்தவர். தந்தையின் பட்டறையிலே வளர்ந்தவர். இருபத்தோரு வயதிலே, கடிகாரம் பிசகாமல் ஓடப் புதிய பொறி ஒன்று கண்டுபிடித்தார். அரண்மனைக் கடிகாரக்காரர் ஒருவர் அதைத் தம் கண்டுபிடிப்பு என்று கூறிக்கொண்டார். இளைஞன் வாய்மூடி இருந்தானா? அறிவியல் கழகத்துக்கு முறையிட்டான், 1754இல் வென்றான்! பின்னாளில் செல்வரானார், பட்டமும் விலைக்கு வாங்கினார். ஆனாலும் பட்டறையை மறக்கவில்லை. நாடகம் எழுதுவோருக்கு உரிய பங்கை நாடகக் குழுவினர் கணக்குக் காட்டாமல் விழுங்குவதைக் கண்டு, 1777இல் எழுத்தாளர்களை ஒன்று கூட்டிச் சங்கம் கண்டவர் அவர். எழுதுகிறவனும் உழைப்பாளி, அவனுக்கும் கூலி உண்டு என்று சங்கம் வைத்துக் கேட்ட நாடகாசிரியர்!

அவர் எழுதிய நகைச்சுவை நாடகம் பிகாரோவின் திருமணம். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அல்மவிவா என்றொரு பிரபு. அவருடைய வேலையாள் பிகாரோ. பிரபு மனைவியின் தோழிப்பெண் சூசன்னா. பிகாரோவுக்கும் சூசன்னாவுக்கும் அன்று திருமணம். தம் நிலத்திலே வாழும் பணிப்பெண்ணின் முதலிரவு தமக்கே உரியது என்றொரு கேடுகெட்ட பிரபு உரிமை அந்தக் கதையிலே பேசப்படுகிறது. அந்த உரிமையைத் தாமே பெருந்தன்மையோடு கைவிட்டதாகப் பெயர் வாங்கியவர் அல்மவிவா. கைவிட்டவர், சூசன்னாவைக் கண்டதும், கள்ளத்தனமாய் அதைத் திரும்பப் பெறப் பார்க்கிறார்! மேலிருப்பவன் சலுகையாகக் கொடுத்தது, அவன் நினைத்தால் திரும்பிப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? பிகாரோவும் சூசன்னாவும் பிரபுவின் மனைவியும் சேர்ந்து சூழ்ச்சி செய்து, பிரபுவை மூக்கறுத்து அனுப்புவதே நாடகம்.

பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி இதைப் படித்துவிட்டு, மேடையேறக் கூடாது என்று தடுத்தார். ஆண்டுக்கணக்கில் போராடி, 1784 ஏப்ரல் 27ஆம் நாள் மேடையேற்றினார் போமார்ஷே. அடுத்தடுத்து 68 முறை நடந்தது. மறு ஆண்டு அவரைச் சில நாள் சிறையிலும் வைத்தார்கள்.

வியன்னாவிலும் 1785 தொடக்கத்தில் ஒரு குழு இந்த நாடகத்தைச் செருமன் மொழியிலே நடத்த முனைந்தது. பேரரசர் சோசப்பு குறுக்கே வந்தார். இவரும் சீர்திருத்தக்காரர்தான். 1781இல் போகிமிய நாட்டு உழவர்களின் அடிமைக் கட்டைத் தளர்த்தியவர். ஆனால் இந்த நாடகம் மேடைக்கு வர அவர் விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அச்சிட்டு விற்கத் தடையில்லை! ஏன் இந்த வேறுபாடு? புத்தகம் படிப்பவன் தனியே இருந்து சிரிக்கிறான். அரங்கிலே ஆயிரம்பேர் ஒன்றாய்ச் சிரிக்கிறார்கள். பிரபுவைப் பார்த்து ஊரே கூடிச் சிரித்துப் பழகிவிட்டால், பிறகு அந்தப் பிரபுவுக்கு யார் அஞ்சுவார்கள்? ஆட்சியாளருக்கு இது தெரிந்திருந்தது.

தடுக்கப்பட்ட அந்த நாடகத்தைத்தான் மோசார்ட் கையில் எடுத்தார். அரசவை அரங்கின் இத்தாலியக் கவிஞர் தா போந்தேயை அணுகி, இதை ஆப்பராவாக, அதாவது முழுதும் பாடி நடிக்கும் இசை நாடகமாக ஆக்கலாமா என்று கேட்டார். தா போந்தே பின்னாளில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இதைச் சொல்கிறது. இந்தக் கவிஞரும் மாளிகையிலே பிறந்தவரல்லர். தோல் தொழில் செய்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. பதினான்காம் வயதில் குடும்பத்தோடு மதம் மாறியவர். வெனிசு நகரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். உதைபட்ட இசைஞனும் துரத்தப்பட்ட கவிஞனும், கடிகாரத் தொழிலாளி மகன் எழுதிய கதையை மேடைக்குக் கொண்டுவரக் கூடினார்கள்!

பேரரசரிடம் சென்று, ஆட்சேபத்துக்குரிய பகுதிகளை நீக்கிவிட்டோம் என்று தா போந்தே சொன்னார். உண்மையிலேயே நீக்கியிருந்தார். ஐந்து அங்கம் நான்காயிற்று. பாத்திரங்கள் பதினாறு, பதினொன்றாயின. நாட்டின் நீதிமுறையை நையாண்டி செய்த வழக்குமன்றக் காட்சி போயிற்று. கடைசி அங்கத்திலே பிகாரோ தனியே நின்று, பிறப்பைத் தவிர இந்தப் பிரபுவுக்கு என்ன தகுதி என்று பொரிந்து தள்ளும் நீண்ட பேச்சும் போயிற்று. அந்த இடத்தில், பெண்களை நம்பாதீர் என்று பொறாமைக்காரன் புலம்பும் பாட்டு வந்தது. கத்தரிக்கோல் தன் வேலையைச் செய்தது. அப்படியானால் நாடகம் செத்ததா? பல்லைப் பிடுங்கிய பாம்பு ஆனதா?

இல்லை! சொல்லிலே வெட்டியதை இசையிலே வைத்தார் மோசார்ட்.

முதல் அங்கத்திலே, எசமானரின் எண்ணம் என்ன என்று பிகாரோவுக்குத் தெரிந்துவிடுகிறது. தனித்து நிற்கிறான். பிரபு ஆட விரும்பினால் ஆடட்டும், தாளம் போடுவது நான் என்ற பொருளிலே பாடுகிறான். எந்த நடையிலே பாடுகிறான்? மினுவெட் நடையிலே! அது பிரபுக்கள் மாளிகையிலே, பட்டுடுத்திப் பவுடர் பூசி, மெல்ல அடியெடுத்து ஆடும் நடனம். வேலையாளுக்கு அந்த நடனத்திலே இடமில்லை. அந்த நடையை வேலையாள் தன் வாயிலே போட்டுப் பாடுகிறான். நெறி தவறாத மரியாதை, அடியிலே பல் நறநறக்கும் சினம். தணிக்கைக்காரனின் பேனா எதை அடிக்கும்? தாளத்தை அடிக்க முடியுமா?

மூன்றாம் அங்கத்திலே, பிரபுவைச் சிக்கவைக்கக் கடிதம் எழுத வேண்டும். எசமானி சொல்லச் சொல்லப் பணிப்பெண் எழுதுகிறாள். இரண்டு குரலும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, ஒன்றோடொன்று பின்னிக் கலக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், சீமாட்டி எது, பணிப்பெண் எது என்று பிரித்தறிவது கடினம். எசமானிக்கு உயர்ந்த இசை, ஏவற்பெண்ணுக்கு மட்ட இசை என்று பிரிக்கவில்லை மோசார்ட். உணவு மேசையிலே கிழித்த கோட்டை, இசைத் தாளிலே அழித்துவிட்டார்!

இன்னொன்று. பேச்சு நாடகத்திலே ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். இசை நாடகத்திலே ஏழு பேர் ஒரே நேரத்தில் ஏழு கருத்தைப் பாடலாம், எல்லாம் காதுக்கு இனிமையாய்க் கேட்கும். இரண்டாம் அங்கத்தின் முடிவிலே, பிரபுவும் மனைவியும் சச்சரவிடத் தொடங்கி, மூன்றுபேர், நான்குபேர், ஐந்துபேர் என்று வளர்ந்து, கடைசியில் ஏழுபேர் பாடுகிறார்கள். இருபது நிமிடம் இசை நிற்பதே இல்லை. அந்தக் கூட்டத்திலே பிரபுவும் ஒரு குரல், பிகாரோவும் ஒரு குரல்.

முடிவோ இன்னும் சிறப்பு. இரவு. தோட்டம். எசமானியும் சூசன்னாவும் உடை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். சூசன்னா என்று நினைத்துத் தம் சொந்த மனைவியிடமே கொஞ்சுகிறார் பிரபு. பிறகு, தம் மனைவி பிகாரோவோடு இருக்கிறாள் என்று தவறாக எண்ணி, ஊரைக் கூட்டிக் கூச்சலிடுகிறார். எல்லோரும் மன்னிக்கச் சொல்லி மன்றாடுகிறார்கள். முடியாது, முடியாது என்கிறார். அப்போது உண்மையான மனைவி வெளியே வருகிறாள். குட்டு உடைந்தது! ஊர் பார்க்க, வேலைக்காரர் பார்க்க, பிரபு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். அதுவரை துள்ளிக் குதித்த இசை, அந்த ஒரு நொடியிலே அடங்கி, கோயில் இசைபோல் அமைதியாகிறது. அவள் மன்னிக்கிறாள். வியன்னா மாளிகையிலே ஒரு பிரபு உதைத்தார். வியன்னா மேடையிலே ஒரு பிரபு மண்டியிட்டார். பழிவாங்க மோசார்ட் இதை எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏவலாளர் மேசையிலே உட்கார்ந்த அனுபவம் இல்லாதவன் இதை இப்படி எழுதியிருக்க முடியாது என்று உறுதியாய்ச் சொல்வோம்.

1786 மே முதல் நாள், அரண்மனையை ஒட்டிய புர்க் அரங்கிலே அரங்கேற்றம். மூன்றாம் முறை நடந்தபோது ஏழு பாடல்களைத் திரும்பப் பாடச் சொன்னார்கள் மக்கள். நாடகம் நள்ளிரவு வரை நீளும் என்று, பலர் சேர்ந்து பாடும் பாடல்களைத் திரும்பப் பாடக் கூடாது என ஆணை பிறந்தது. அவ்வாண்டு வியன்னாவிலே ஒன்பது முறைதான் நடந்தது. ஆனால் பிராக் நகரம் அதை வாரி அணைத்துக் கொண்டது. 1787 சனவரியில் மோசார்ட் அங்கே போனபோது, ஆட்டத்திலும் பாட்டிலும் சீட்டியிலும் பிகாரோவே பிகாரோ!

இனி, நம் தோழர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: கூலி என்ன கிடைத்தது? 450 குல்டன். பேராயரிடம் ஓராண்டு கட்டுண்டு கிடந்தால் கிடைத்த அதே தொகை, ஒரு நாடகத்துக்குக் கிடைத்தது. சுதந்திரமாய் உழைத்தவனுக்கு இது வெற்றிதான். ஆனால் அதன் பிறகு எந்த ஊரில் எத்தனை முறை நடந்தாலும் ஒரு காசு அவருக்கு உரிமையில்லை. அன்றைய வியன்னாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. 1787 இறுதியில் பேரரசர் ஒரு பதவி தந்தார். ஆண்டுக்கு 800 குல்டன். முன்பு அங்கிருந்தவர் பெற்றது 2000. 1788 முதல், வணிக நண்பர் ஒருவருக்குக் கடன் கேட்டுக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். 1791 டிசம்பர் 5ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதிலே மறைந்தார். நகரத்துச் சாதாரண மக்களைப் போலவே, அடையாளக் கல்லில்லாத குழியிலே அடக்கம் செய்தார்கள்.

அதே 1791இல், பிரான்சு நாட்டிலே, நாடகம் எழுதியவனுக்கு அதன் வருவாயில் உரிமை உண்டு என்று சட்டம் பிறந்தது. போமார்ஷே கண்ட சங்கம் ஆண்டுக்கணக்கில் கேட்டது கைகூடிற்று. இருவர் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். மோசார்ட் தனியாய் நின்று தன்மானத்தை வென்றார். போமார்ஷே கூட்டம் சேர்த்துக் கூலியை வென்றார். மானம் மட்டும் இருந்தால் வயிறு காயும். கூலி மட்டும் இருந்தால் முதுகு வளையும். உழைப்பவனுக்கு இரண்டும் வேண்டும்.

1800 டிசம்பரில், பிரெஞ்சுப் படை நெருங்கவே, கொலொரேடோ சால்ஸ்பர்க்கை விட்டு ஓடினார். 1803இல் பேராயர் ஆட்சியே ஒழிந்தது. அந்நகரிலே 1842இல் ஒரு சிலை திறந்தார்கள். அரியணையில் இருந்தவருக்கு அல்ல, உதைபட்டவருக்கு!

இன்றும் ஏதாவதொரு நாட்டிலே, ஏதாவதொரு மேடையிலே, அந்த இசை நாடகம் நடக்கிறது. நடக்கும்போதெல்லாம் வேலையாள் தாளம் போடுகிறான், பிரபு ஆடுகிறார், இறுதியில் மண்டியிடுகிறார். வெட்டப்பட்ட வசனம் போனது போகட்டும். பாட்டு நின்றுவிட்டது, தோழர்களே, பாட்டு நின்று நிலைத்துவிட்டது!